கறிக்கோழிக் கொட்டகையும் அதனுள் வாழும் பட்சியின் சௌக்கியமும்

கோழி வளர்த்தல் பாலாற்றங்கரைக் கிராமங்களுக்குப் புதிய தொழிலன்று. வீட்டுக்கு நாலு கோழி, ஒரு சேவல், இரவில் கவிழ்த்து மூடுவதற்கு ஒரு பஞ்சாரம் என்பதே நெடுங்கால வழக்கம். அக்கோழிகள் குப்பைமேட்டைக் கிளறியும், சாம்பலில் புரண்டும், அந்தி வேளையில் முருங்கைக் கிளையில் ஏறியும் தம் ஜீவனத்தைத் தாமே பார்த்துக்கொண்டன. அவற்றின் சௌக்கியத்தைக் குறித்து ஒருவரும் தனியே யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்க் கடைத்தெருக்களில் எடை போடப்படும் கோழியிற் பெரும்பகுதி அவ்விதம் வளர்ந்ததன்று. மூவாயிரம், ஐயாயிரம் என்று ஒரே கூரையின்கீழ் ஒரே நாளில் புகுந்து, ஏறக்குறைய ஒரே நாளில் வெளியேறும் பிராய்லர் கோழியே அது. அதற்குக் குப்பைமேடு இல்லை. முருங்கைக் கிளையும் இல்லை. கொட்டகைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதுவே அதன் உலகம். ஆகவே அவர் கொடுக்கவேண்டியவை யாவை, அவற்றைக் கொடுப்பதற்குத் தோல் தொழில் மிகுந்த இப்பிரதேசத்தில் உள்ள விசேஷ இடையூறுகள் யாவை என்பதே இப்பாடத்தின் விஷயம்.

முற்காலத்துப் புனருத்தாரண ஊழியர்கள் கோழியைப் பற்றிப் பேசியபோது முட்டையையும் இனவிருத்தியையுமே கருதினர். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்ஸர் ஹாட்ச் 1920-களில் தொடங்கிய நிலையம் முட்டை விற்பனையைக் கூட்டுறவு முறையில் அமைத்தது. இறைச்சிக்கென்றே ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் தொழிலோ, உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கங்களில் 1990-களில் ஒப்பந்த முறையினால் பெருகி, பிறகு மற்ற ஜில்லாக்களுக்கும் பரவிற்று. இம்முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் குடியானவருடையவை. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி. கோழி அவருடைய சொத்தன்று. ஆனால் அது படும் கஷ்டமும் சுகமும் அவருடைய கூரையின்கீழ் நடப்பவை என்பதை மறத்தலாகாது.

பட்சியின் சுபாவம்

பிராய்லர் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்த அன்று சுமார் 40 கிராம் எடையிருக்கும். ஐந்து அல்லது ஆறு வாரத்தில் அது 2 கிலோ ஆகிறது. அதாவது ஐம்பது மடங்கு. மாம்சம் இவ்வளவு விரைவில் ஏறும்போது காலெலும்பு அதே வேகத்தில் உறுதிப்படுவதில்லை. ஆகையால் நாலாம் வாரத்துக்குமேல் கோழி நடக்கச் சலிக்கிறது. நாளில் முக்கால் பங்கு உட்கார்ந்தே கிடக்கிறது. உட்காரும் இடமோ எச்சம் கலந்த கூளம். அதன் ஈரமும் காரமும் உள்ளங்காலையும் கணுமுட்டியையும் மார்பையும் அரிக்கின்றன. கறுத்த புண்ணுள்ள கால் கடையில் வெட்டப்பட்டு எறியப்படுவதால் வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. வலி பட்டது கோழி ஒன்றே.

இதன் மூதாதையான காட்டுக்கோழி விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை நிலத்தைக் கொத்துவதிலும் கிளறுவதிலும் செலவிடுவதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இரை தட்டில் நிறைந்திருந்தாலும் அது கொத்தும். கொத்துதல், கிளறுதல், மண்ணில் குளித்தல், உயரத்தில் அமர்தல் என்னும் இந்நான்கு இச்சைகளும் பிராய்லரின் இரத்தத்திலும் மறையாமலே இருக்கின்றன. ஆனால் வெறுங் கொட்டகையில் அவற்றுக்கு இடமில்லை. இங்கிலாந்தில் ரூத் ஹாரிஸன் என்னும் அம்மையார் 1964-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலொன்று இவ்வகைப் பண்ணைகளின் நிலைமையை ஜனங்களுக்கு எடுத்துக்காட்டிற்று. மறுவருஷமே பிராம்பெல் கமிட்டி அந்நாட்டுச் சர்க்காருக்கு அறிக்கை சமர்ப்பித்தது. பண்ணைப் பிராணிகளின் நலத்தைப்பற்றி இன்று உலகில் வழங்கும் விதிகளில் அநேகம் அங்கிருந்து கிளைத்தவை. இந்தியாவிலும் 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் உண்டு. கறிக்கோழி, முட்டைக்கோழி ஆகியவற்றின் இருப்பிடத்தையும் போக்குவரத்தையும் குறித்து இந்தியச் சட்டக் கமிஷன் 2017-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தன் 269-வது அறிக்கையை அளித்தது.

இடமா, நிர்வாகமா?

நெருக்கமே எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்று கருதுவோர் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஐரோப்பிய யூனியனின் 2007-ம் வருஷத்து உத்தரவின்படி ஒரு சதுர மீட்டரில் சாதாரணமாக 33 கிலோ கோழி வரை வைக்கலாம்; சில நிபந்தனைகளுக்குட்பட்டு அதற்கு மேலும் வைக்கலாம். இங்கே பக்கம் திறந்த கொட்டகைகளில் கோழிக்கு ஒரு சதுர அடி விடுவது வழக்கம். ஒரு சதுர மீட்டர் என்பது பத்தே முக்கால் சதுர அடி. ஆகவே 2 கிலோக் கோழியாயின் சதுர மீட்டருக்குச் சுமார் 21½ கிலோ ஆகிறது. உஷ்ணப் பிரதேசத்துக்கு இவ்வளவு விசாலம் அவசியமே. எனினும் சீமைக் கொட்டகையைவிட இங்குள்ளது நெருக்கமானதன்று என்பது தெளிவு. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மேரியன் டாக்கின்ஸும் அவருடைய சகாக்களும் பத்துக் கம்பெனிகளின் 27 லட்சம் கோழிகளைக் கொண்டு செய்த பரிசோதனையின் முடிவு 2004-ம் வருஷத்தில் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியாயிற்று. நெருக்கம் மிகவும் அதிகரித்தபோது தீங்கு உண்டாயிற்றென்றாலும், கோழியின் நலத்தைப் பெரிதும் நிர்ணயித்தவை கூளத்தின் ஈரம், அமோனியா, உஷ்ணம், காற்றின் ஈரப்பதம் ஆகியவை என்பதே அம்முடிவு. ஒரே அளவு இடத்தில் ஒரு பண்ணையாரின் கோழி நன்றாகவும் மற்றொருவருடையது சீர்கெட்டும் இருப்பதன் காரணம் இதுவே.

ஆதலால் கொட்டகையில் எதையும் புதிதாகச் சேர்க்குமுன் காலின்கீழ் உள்ளதைச் சரிப்படுத்த வேண்டும். ஈரக் கூளத்தின்மேல் வைக்கோற் கட்டு வைப்பது, ஒழுகும் வீட்டில் படம் மாட்டுவதை ஒக்கும்.

கூளமும் தண்ணீரும்

உமி, வேர்க்கடலைத் தோல், தென்னை நார்க்கழிவு ஆகியவை இப்பக்கத்தில் கிடைக்கும் நல்ல கூளங்கள். இரண்டு அல்லது மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பி, தினந்தோறும் கிளறிவிட வேண்டும். கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்ப்பதே பரீட்சை. கையைத் திறந்ததும் லேசாக உதிர்ந்தால் பதம் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. சிறிதும் ஒட்டாமல் தூளாகப் பறந்தால் வறட்சி. அதுவும் கோழியின் மூச்சுக்கு ஆகாது. அமோனியாவை அறியக் கருவி வேண்டியதில்லை. கொட்டகையின் நடுவில், கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, சில நிமிஷம் மூச்சு விடவேண்டும். நின்றிருப்பவரின் மூக்குக்கு எட்டாத நெடி அங்கே கண்ணைக் கரிக்கச் செய்யும். சூபர்வைசரும் சொந்தக்காரரும் நின்றபடியே பார்த்துவிட்டுப் போவதால் அநேக கொட்டகைகளின் குறை வெளிப்படுவதேயில்லை.

தினமும் கிளறியும், குழாய் ஒழுகாமலும், கூளம் ஈரமாகவே இருக்கிறதென்று முறையிடும் அங்கத்தினர்கள் தங்கள் கிணற்றை நோக்க வேண்டும். இதுவே தோல் தொழிற் பிரதேசத்துக்கு உரிய விசேஷம். பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடுவது வழக்கம். பதனிடும் சாலையில் அவ்வுப்பு கழுவப்பட்டுக் கழிவுநீருடன் வெளியேறுகிறது. நெடுங்காலம் அந்நீர் நிலத்திலும் பாலாற்றிலும் விடப்பட்டதால் ஊற்றுநீர் உவர்ப்பேறியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி அளித்த தீர்ப்பில், டேனரிப் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஒரு பகுதியோ முழுமையுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆராய்ச்சி எடுத்துக்காட்டப்பட்டது. பயிருக்கு ஆகாத தண்ணீர் கோழிக்கு மாத்திரம் எவ்வாறு ஆகும்?

கோழி தின்னும் தீவனத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறது. கோடையில் இன்னும் அதிகம். உவர்நீர் குடித்த கோழி, உடலிலுள்ள உப்பைக் கழிக்க மேலும் குடிக்கிறது, எச்சம் நீர்த்துப்போகிறது, கூளம் நனைகிறது, உள்ளங்காற் புண் உண்டாகிறது. கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 3,000 மில்லிகிராமைத் தாண்டினால் கோழிகளில் இத்தகைய நீர்க்கழிச்சல் எதிர்பார்க்கத்தக்கதே. இதனை வியாதியென்று எண்ணி மருந்து மேல் மருந்து கொடுப்பது வீண் செலவு. ஆகவே கொட்டகை போடுமுன்னரே கிணற்று நீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்புவது கடமை. ஏற்கெனவே கொட்டகையுள்ளவர்கள் கோடையில் ஒரு முறையும் மழைக்குப்பின் ஒரு முறையும் சோதிக்க வேண்டும். ஏனெனில் இவ்விரு காலத்திலும் உப்பின் அளவு ஒன்றாயிராது. நீரில் உப்பு அதிகமென்று தெரிந்தால் அச்சீட்டைத் தீவனம் அனுப்பும் கம்பெனிக்குக் காட்டித் தீவனத்தில் சேரும் உப்பைக் குறைக்கும்படி கேட்கலாம். கூரை நீரைத் தொட்டியில் சேர்த்துக் கிணற்று நீருடன் கலப்பதும் பயன் தரும். கொட்டகைக் கூரை விசாலமானதால் ஒரு நல்ல மழையிலேயே கணிசமான நீர் சேரும்.

இன்னொரு எச்சரிக்கை இதனினும் முக்கியமானது. குரோமியம் இட்டுப் பதனிட்ட தோலைச் சமப்படுத்தும்போது விழும் சீவலும் தூளும் மலிவாகவும், சில சமயம் இனாமாகவும் கிடைக்கக்கூடும். மரத்தூளைப்போல் மெத்தென்றிருக்கும் அவற்றைக் கூளமாகப் பரப்பவோ, கொத்தி விளையாடத் தோல் துண்டுகளைத் தொங்கவிடவோ ஒருபோதும் கூடாது. கோழி கூளத்தைத் தின்னும். தின்ற குரோமியம் அதன் உடலில் சேர்ந்து, உண்பவரின் இலைக்கும் வந்து சேரும். வங்காளதேசத்தில் டாக்காவின் ஹஜாரிபாக் பகுதியில் இத்தோற்கழிவைக் காய்ச்சி உலர்த்திக் கோழித் தீவனமாகவே விற்றனர். அதைத் தின்ற கோழிகளில் குரோமியம் இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். அந்நாட்டு ஹைகோர்ட் 2011-ம் வருஷத்தில் அத்தொழிலைத் தடைசெய்தது. விலை குறைந்த, பெயரற்ற ‘புரதத் தூள்’ எதுவாயினும் சந்தேகத்துக்குரியதே.

கொட்டகைக்குள் சேர்க்கத்தக்கவை

கூளமும் தண்ணீரும் சீர்ப்பட்டபின், கோழியின் சுபாவத்துக்கேற்ற சாதனங்களைச் சேர்க்கலாம். இவற்றின் நோக்கம் கோழியை மகிழ்விப்பது மாத்திரமன்று. முதல் மூன்று வாரத்தில் அதனை நடக்கவும் ஏறவும் செய்து காலை உறுதிப்படுத்துவதும் ஆகும். கனத்துப்போனபின் ஏற்பாடு செய்தால் அது எழுந்து வராது. எனவே குஞ்சு இறங்கிய இரண்டாம் வாரத்துக்குள் எல்லாம் இடத்தில் இருக்க வேண்டும்.

முதலாவது மேடை. உயரத்தில் அமர்வது கோழியின் இயல்பென்றால் கம்பு கட்டினாற் போதாதோ என்று கேட்கலாம். நாட்டுக்கோழிக்குப் போதும். மார்பு கனத்த பிராய்லர் கம்பில் நிலைகொள்ளாது. பின்லாந்தின் பண்ணைகளில் நடந்த ஆராய்ச்சியில் கோழிகள் கம்பை ஏறக்குறையப் புறக்கணித்தன. சாய்வுப் பாதையுள்ள மேடையிலோ திரளாக ஏறின. அவ்வித மந்தைகளில் நடையும் திருந்தியிருந்தது. அரை அடி முதல் முக்கால் அடி வரை உயரத்தில், மூங்கிற் பிளாச்சுகளை விரலிடை விட்டுக் கட்டி, இரு புறமும் சாய்வு வைத்தால் மேடை ஆயிற்று. பிளாச்சின் கூர்முனைகளைச் சீவிவிட வேண்டும். மேடைக்குக் கீழுள்ள கூளத்தைக் கிளற மறப்பது சகஜம். ஆகையால் அதனைத் தூக்கி வைக்கத்தக்கதாகச் செய்வதே நன்று. வேலூர்க் கோடையில் இதற்கு வேறோர் அனுகூலமும் உண்டு. கூளம் தானே புழுங்கிச் சூடாகும்போது, மேடையில் அமர்ந்த கோழியின் வயிற்றின்கீழும் காற்று ஓடும்.

இரண்டாவது வைக்கோற் கட்டு. இறுகக் கட்டிய சிறு கட்டுகளை அங்கங்கே வைத்தால் கோழிகள் அவற்றைப் பிய்க்கும், மேலேறும், சாய்ந்து இளைப்பாறும். கட்டுகள் மறைவிடமாகவும் இருப்பதால், உறங்கும் கோழியை மற்றவை மிதித்துச் செல்வது குறையும். இவற்றால் சுறுசுறுப்பு அதிகரித்ததாகச் சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. வேறு சிலவற்றில் கட்டினால் மாத்திரம் காலின் உறுதி அதிகப்படவில்லை. அயர்லாந்தின் வடபகுதியில் நடந்த ஒரு பரிசோதனையில் கட்டைவிட, ஜன்னல் வழியே வந்த இயற்கை வெளிச்சமே காலுக்கு நன்மை செய்தது. பக்கங்களில் கம்பிவலை மாத்திரம் உள்ள இவ்வூர்க் கொட்டகைகளுக்கு அவ்வெளிச்சம் செலவின்றியே கிடைக்கிறது. பகல் முழுதும் தார்ப்பாயை இறக்கிவைத்து அதைத் தடுப்பவர்கள் கைப்பொருளை எறிகிறவர்களே. கட்டுக்குரிய வைக்கோல் காய்ந்ததாயும் பூசணமற்றதாயும் இருக்க வேண்டும். பூசண வைக்கோல் குஞ்சுகளின் நுரையீரலில் கொடிய நோயை விளைக்கும். ஒரு பேட்சுக்கு வைத்த கட்டை மறு பேட்சுக்கு வைத்தலும், எஞ்சிய வைக்கோலை மாட்டுக்குப் போடுதலும் கூடா.

மூன்றாவது கொத்துவதற்குரிய பொருள். முருங்கை, அகத்திக் கொத்துகளையோ முட்டைக்கோஸையோ கோழியின் தலைமட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, வாடியதை அன்றே மாற்றலாம். ஐரோப்பாவில் 2017-ம் வருஷம் முதல் பல வியாபார நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட கறிக்கோழி உடன்படிக்கை ஒன்றில், ஆயிரம் கோழிக்கு 2 மீட்டர் அமருமிடமும் இரண்டு கொத்துபொருளும் குறைந்த அளவாக வகுக்கப்பட்டுள்ளன. 30 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள மூவாயிரக் கொட்டகைக்கு இது 6 மீட்டரும் ஆறு பொருளுமாம். இயலுமாயின் அதிகம் வைப்பது உசிதம்.

மண்குளியலுக்கு ஒரு மூலையில் சலித்த உலர்ந்த மணலைப் பெட்டியில் நிரப்பி வைத்தாற் போதும். மரச்சீவலைவிட மணலையே பிராய்லர்கள் விரும்பின என்பது 2004-ம் வருஷத்து ஆராய்ச்சி ஒன்றின் முடிவு. இதற்கென ஆற்றில் அனுமதியின்றி மணல் அள்ளுவது குற்றம் என்பதையும், கழிவுநீர் ஓடிய ஓடை மணல் ஆகாதென்பதையும் சொல்லவேண்டியதில்லை.

இரவு முழுதும் விளக்கெரித்தால் கோழி அதிகம் தின்னும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. முதற் சில நாள் குஞ்சுகளுக்கு வெளிச்சமும் வெப்பமும் வேண்டும் என்பது உண்மை. அதன்பின் உறக்கமும் தீவனத்தைப்போல் அவசியமானதே. ஐரோப்பிய உத்தரவு தினம் ஆறு மணி நேர இருளை, அதிலும் நாலு மணி நேரம் இடைவிடாத இருளை, விதிக்கிறது. கோடையில் மாத்திரம் இவ்விருளைக் குளிர்ந்த பின்னிரவுத் தீவன நேரத்துடன் மோதாதபடி அமைத்துக்கொள்ள வேண்டும். கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுதல், கூரைமேல் கீற்றோ சோகையோ பரப்பி நனைத்தல், நடுப்பகலில் தீவனத் தட்டைத் தூக்கிவிடுதல் முதலியவை அங்கத்தினர்கள் அறிந்தவையே.

செலவு யாருடையது?

நடந்து திரியும் கோழி தின்ற தீவனத்தை வீணாக்குமென்றும், எடை குறைந்தால் வளர்ப்புக் கூலியும் குறையுமென்றும் ஆட்சேபம் வருவது இயல்பு. மேடையும் கட்டும் வைத்த பரிசோதனைகளில் பெரும்பாலும் எடை குறைந்ததாகக் காணப்படவில்லை. ஆயினும் குடியானவரின் அச்சம் நியாயமற்றதன்று. மூங்கிலும் வைக்கோலும் அவர் செலவு. கோழி நொண்டாமல் எடையேறுவதன் லாபத்திலோ கம்பெனிக்கே பெரும்பங்கு. தனியொருவர் இதைக் கேட்டால் அடுத்த பேட்சுக்குக் குஞ்சு வராது என்ற பயம் உண்டு. இருபது கொட்டகைக்காரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, நீர்ச் சோதனைச் சீட்டையும் கால்புண் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு வேறுவிதமாயிருக்கும். கூட்டுறவு என்பது கடன் வாங்குவதற்கு மாத்திரம் ஏற்பட்டதன்று.

அக்கணக்கை உண்டாக்கும் வழி கடினமன்று. சங்கத்தில் ஒருவர் தம் கொட்டகையின் நடுவே வலைகட்டி இரண்டாக்கி, ஒரே நாளில் வந்த குஞ்சுகளைச் சமமாகப் பிரித்து, ஒரு பாதியில் மேடை, கட்டு, கொத்துபொருள் ஆகியவற்றை வைக்கட்டும். மறுபாதி பழையபடி இருக்கட்டும். கூளமும் தீவனமும் இரண்டுக்கும் ஒன்றே. இறந்தவற்றையும் நொண்டிகளையும் இரு பாதிக்கும் தனித்தனியே தினம் எழுத வேண்டும். கோழி பிடிக்கும் இரவில் பாதிக்கு ஐம்பது கோழிகளை, பொறுக்காமல் கைக்குக் கிடைத்தபடி எடுத்து, உள்ளங்காலைப் புரட்டிப் பார்த்து, புண்ணற்றது, சிறு புண், பெரும் புண் என்று மூன்றாகக் குறித்து, எடையையும் போட வேண்டும். ஒரு பேட்சைக் கொண்டு தீர்மானித்தல் கூடாது. சித்திரைப் பேட்சும் ஐப்பசிப் பேட்சும் ஒன்றுபோலிரா. முடிவு பிரதிகூலமாயிருந்தாலும் சங்கக் கூட்டத்தில் மறையாமல் படிக்கப்பட வேண்டும்.

மேடை கட்டவும், கூரை பழுதுபார்க்கவும், தொட்டி அமைக்கவும் தகுந்த காலம் புரட்டாசி. அம்மாதத்தில் அநேகர் மாம்சம் தவிர்ப்பதால் கோழி விலை இறங்குவதும், கம்பெனிகள் குஞ்சு இறக்குவதைக் குறைப்பதும் வழக்கம். காலியான கொட்டகையைக் கழுவி உலர்த்தி, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கூரை நீர்த் தொட்டிக்குக் குழாய் பொருத்திவிட்டால், தீபாவளிக்குப்பின் இறங்கும் குஞ்சுகளுக்கு எல்லாம் ஆயத்தமாயிருக்கும்.